சூரியன் போன்ற விண்மீன்கள் வயதாக வயதாகத் துணையை இழக்குமா?

நிலாமுற்றம்:
வணக்கம். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். விண்மீன்களில் பாதிக்கு மேல் இரட்டை என்று வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "பிறக்கும்போதே ஜோடியா, அப்புறம் சேர்ந்ததா மிஸ்? வயசானா பிரிஞ்சிடுமா?" என்று கேட்டாள். சூரியன் வகை விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன பதில் சொல்லலாம்?

தெற்குவானம்:
அருமையான கேள்வி டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். முதலில் அந்த 'பாதிக்கு மேல்'. 2010-ல் தீபக் ராகவன் குழுவினர் சுமார் 80 ஒளியாண்டுக்குள் இருக்கும் 454 சூரியன் வகை விண்மீன்களைத் துருவி ஆராய்ந்தார்கள். 56% தனி, 33% இரட்டை, 8% மூன்று சேர்ந்தவை, மீதி 3% அதற்கும் மேல். ஆக, தனியாக இருப்பவைதான் கொஞ்சம் அதிகம். நம் அக்கம்பக்கத்தில் உள்ள இவை பெரும்பாலும் பல நூறு கோடி ஆண்டு வயதானவை.

இளசுகள் கதை வேறு. ரிஷப மண்டலத்தில் விண்மீன்கள் பிறக்கும் மேகம் ஒன்று இருக்கிறது. 1990-களில் அங்கே எண்ணியபோது, துணையோடு இருப்பவை நம் அக்கம்பக்கத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தன. 2017-ல் சாரா சாடவோய், ஸ்டீவன் ஸ்டாலர் என்ற வானியலாளர்கள் இருவரும், விண்மீன்கள் பிறக்கும் இன்னொரு இடமான பெர்சியஸ் மேகத்தை ரேடியோ அலையில் பார்த்துவிட்டு இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: சூரியன் வகை விண்மீன்கள் எல்லாமே இடைவெளி அதிகமுள்ள ஜோடியாகத்தான் பிறக்கின்றன, பத்து லட்சம் ஆண்டுவாக்கில் 60% பிரிந்துவிடுகின்றன, மற்றவை நெருங்கி இறுகிவிடுகின்றன என்பது அவர்கள் கணக்கு. இது ஒரு மாதிரிக் கணக்குதான், முடிந்த தீர்ப்பு அல்ல என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

எனவே பிரிவு பெரும்பாலும் பிறந்த புதிதிலேயே நடந்து முடிகிறது. மூன்றாகப் பிறந்தால் ஈர்ப்பு இழுபறியில் ஒன்று வெளியே வீசப்படலாம். நெரிசலான கூட்டத்தில் பிறந்தால் பக்கத்து விண்மீன்கள் இழுத்துப் பிரிக்கும். திருவிழாக் கூட்டத்தில் கையை இறுகப் பிடித்துப் போகிறவர்கள் தொலைவதில்லை, கயிற்றின் இரு முனையைப் பிடித்துப் போகிறவர்கள்தான் தொலைவார்கள், அது மாதிரி. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) இடைவெளி உள்ள ஜோடிகளை மட்டும் கடந்துபோகும் விண்மீன்கள் மெல்ல அவிழ்க்கின்றன.

இறுகிய ஜோடிக்கு உதாரணம் ஆல்ஃபா சென்டாரி. சூரியனைவிடச் சற்று மூத்தவை என்கிறார்கள், இன்னும் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அது இரட்டை என்று 1689-ல் கண்டுபிடித்தவர் ஷான் ரிஷோ என்ற பாதிரியார், பார்த்த இடம் நம் புதுச்சேரி! வால்மீன் ஒன்றைப் பார்க்கும்போது கண்ணில் பட்டது. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். மே கடைசியில் இரவு 10 மணிவாக்கில், எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தெற்கே 20 பாகை உயரத்தில் தெரியும். சின்னத் தொலைநோக்கியிலேயே பிரிந்து நிற்கும்: ஒன்று வெளிர்மஞ்சள், மற்றது மங்கலாக, ஆரஞ்சு சாயலில்.

கரிசல்:
ஒன்று சேர்க்கிறேன் அண்ணா. துணை பிரியாமலே கண்ணுக்கு மறைவதும் உண்டு. ஜோடியில் பெரியது முதலில் எரிந்து தீர்ந்து, வெண்குள்ளன் என்ற சின்ன, மங்கலான மிச்சமாகிவிடும். புரோசியான் அப்படித்தான். 41 ஆண்டுக்கு ஒருமுறை புரோசியானைச் சுற்றும் வெண்குள்ளத் துணை அதன் வெளிச்சத்தில் அமுங்கிக் கிடக்கிறது. முதிய விண்மீன்களை எண்ணும்போது இப்படிப்பட்டவை விட்டுப்போகும்.

நிலாமுற்றம்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் சூரியனுக்கும் ஒரு துணை இருந்திருக்குமோ? அடுத்து அதைத்தான் கேட்பாள்.

தெற்குவானம்:
இருந்திருக்கலாம் டீச்சர். இப்போது இல்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். 'நெமிசிஸ்' என்ற மறைந்த துணை பற்றி 1984-லேயே பேச்சு எழுந்தது. நாசாவின் வைஸ் விண்கலம் அகச்சிவப்பில் வானம் முழுக்கத் தேடியது. வியாழன் அளவுள்ள எதுவும் 26,000 வானியல் அலகு தூரம்வரை இல்லை என்று 2014-ல் அறிவித்தார்கள். பழைய துணை இருந்திருந்தால், 460 கோடி ஆண்டில் அது பால்வீதியில் எங்கோ கலந்துபோயிருக்கும்.