குடும்பத்துக்கு எவ்வளவு ஆயுள் காப்பீடு போதும்?

கேள்வி:
என் வயது 38. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 75,000 ரூபாய் சம்பளம். மனைவிக்கு 35 வயது. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்து மாதம் ஏறத்தாழ 8,000 ரூபாய் ஈட்டுகிறார். பிள்ளைகளுக்கு வயது 9, 5. வீட்டுக்கடன் பாக்கி 28 லட்சம். தவணை நீங்கலாகக் குடும்பச் செலவு மாதம் 40,000. வருங்கால வைப்பு நிதியில் 6 லட்சமும் வங்கி வைப்பில் 4 லட்சமும் இருக்கின்றன. ஆண்டுக்கு 30,000 ரூபாய் கட்டிவரும் எண்டோவ்மென்ட் பாலிசியின் (சேமிப்பும் காப்பீடும் சேர்ந்தது) காப்புத் தொகை 5 லட்சம்தான். தம்பியின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆண்டுச் சம்பளத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது 90 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது) எடுத்தால் போதும் என்கிறார் முகவர். போதுமா?

மறுமொழி 1:
போதாது. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்குக் கடனே இல்லாமலும் மற்றவருக்குக் கழுத்தளவு கடனும் இருக்கக்கூடும் என்பதால், சம்பளத்தைப் பெருக்குவதை விட்டுவிட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். 40,000 ரூபாயில் உங்கள் சொந்தச் செலவு 8,000 என்று கழித்தால் மீதி 32,000. இளைய பிள்ளைக்கு 23 வயதாகும் வரை 18 ஆண்டுகளுக்கு அது 69 லட்சம். கிடைக்கும் வட்டியை விலைவாசி உயர்வு விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வீட்டுக்கடன் 28 லட்சம், இருவரின் மேற்படிப்புக்கு 20 லட்சம், அதன்பின் மனைவியின் முதுமைக்கு மாதம் 15,000 வீதம் 25 ஆண்டுகளுக்கு 45 லட்சம். ஆக மொத்தம் 1 கோடியே 62 லட்சம். வைப்பு நிதி, வங்கி வைப்பு, பழைய பாலிசி எனக் கையிலுள்ள 15 லட்சத்தைக் கழித்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி தேவைப்படும். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் கிடைக்கும் என்றாலும், வேலையை விட்டால் அதுவும் நின்றுவிடும் என்பதால் நான் சேர்க்கவில்லை.

மறுமொழி 2:
மனைவியின் வருமானத்தை ஏன் கழிக்கவில்லை? 18 ஆண்டுகளில் அதுவே 17 லட்சத்தைத் தாண்டுமே.

மறுமொழி 1:
தாண்டும்தான். ஆனால் துக்கம் நடந்த வீட்டில் தையல் இயந்திரம் உடனே ஓடத் தொடங்கும் என்று எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மேலும், மனைவி இல்லாமல் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. அவர் பெயரிலும் சிறிய அளவிலாவது ஒரு காப்பீடு தேவை.

மறுமொழி 3:
ஐயா, தொகையைவிட அந்த ஜாமீன் கையெழுத்துதான் எனக்கு உறுத்துகிறது. தம்பி கடனைக் கட்டத் தவறினால், நீங்கள் விட்டுச்செல்லும் சொத்தின்மீது கடன் கொடுத்தவர் உரிமை கோரலாம். 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று பாலிசி எடுத்தால், அந்தப் பணம் உங்கள் சொத்தில் சேராது. கடன்காரர்கள் பொதுவாக அதைத் தொட முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பயனாளிகளை உங்கள் விருப்பப்படி மாற்ற இயலாது. விண்ணப்பத்தில் சர்க்கரை நோய், புகைப்பழக்கம் என எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது தெரியவந்தால், முதல் 3 ஆண்டுகளுக்குள் நிறுவனம் பாலிசியையே ரத்து செய்ய முடியும்.