சனிக்கிழமை படம்: எது முதல்ல?

குழு: சனிக்கிழமை சினிமா (குடும்பம்)

நிலா அக்கா: இந்த வாரம் ‘ரிங்’னு முடிவாயிடுச்சு, சாபம் பிடிச்ச வீடியோவைப் பார்த்தவங்க சாகுற பேய்ப்படம். 1998 ஜப்பான் படம், அதோட 2002 அமெரிக்க ரீமேக், ரெண்டும். எது முதல்ல?

முரளி மாமா: ஜப்பான். சந்தேகமே வேண்டாம். அது 96 நிமிஷம், அமெரிக்கப் படம் 115. நடுவுல சாப்பாடு.

கவின்: நீளம் மட்டும் இல்ல மாமா. அமெரிக்கப் படத்தை முதல்ல பார்த்தவங்களுக்கு ஜப்பான் படம் மெதுவா தெரியும், “இன்னும் ஒண்ணும் நடக்கலையே”ன்னு கேப்பாங்க. மாத்திப் பார்த்தா அமெரிக்கப் படம் ஓவரா விளக்குதுன்னு படும். ரெண்டுமே படத்தோட குறை இல்ல, பார்த்த வரிசையோட குறை.

முரளி மாமா: ரெண்டாவது கொஞ்சம் படத்தோட குறையும்தான்டா.

சுதா சித்தி: அண்ணே, வெர்பின்ஸ்கி எடுத்த அமெரிக்கப் படத்தை ஒரேயடியா ஒதுக்காதே. ரீமேக்குகள்லயே ஒழுங்கா யோசிச்சுச் செஞ்சது அது. சாபம் பிடிச்ச வீடியோவையே எடுத்துக்கோ. ஜப்பான் படத்துல கண்ணாடி முன்னாடி தலை சீவுற பொம்பளை, நெளியுற எழுத்து, தலையில துணி போட்டு விரலை நீட்டுற ஆள், கிணறு. அந்தத் துணி ஆள் யாருன்னு கடைசிவரைக்கும் தெளிவாச் சொல்லமாட்டாங்க. அமெரிக்கப் படத்துல ஏணி, ஈ, எரியுற மரம், குதிரைன்னு ஒவ்வொண்ணும் நிஜத்துல திரும்பி வரும். ஈயைத் திரையிலிருந்தே நவோமி வாட்ஸ் கையால எடுக்குற இடம் ஜப்பான் படத்துல கிடையாது. பார்க்கிறவங்களைத் துப்பறிய வைக்கிறாங்க. இது வேற வகைப் படம், மோசமான படம் இல்ல.

முரளி மாமா: ஒத்துக்கிறேன் சுதா. ஆனா துப்பறிஞ்சு முடிச்சா பயம் பாதி போயிடும். ஜப்பான் படத்துல ஆவியா வர்ற சடாகோ முகத்தை டைரக்டர் நகாடா காட்டவே இல்ல. ஒரே ஒரு கண்ணு. அதுவும் அந்த நடிகையோடது இல்ல, படக்குழுவுல இருந்த ஒரு ஆணோடது. அமெரிக்கப் படத்துல அந்த ஆவி சமாராவுக்கு முகம், குரல், வளர்ப்பு அம்மா அப்பா, மனநல ஆஸ்பத்திரி வீடியோ எல்லாம் குடுத்துட்டாங்க.

கவின்: அந்த ஆஸ்பத்திரி வீடியோவால முடிவு இன்னும் நல்லா வேலை செய்யுது மாமா. பாவம்னு தோண வெச்சுட்டு, கிணத்துலேருந்து எலும்பை எடுத்ததும் எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நம்ப வெச்சுட்டு, அப்புறம் டிவி தானா ஆன் ஆகும். ரெண்டு படத்துலயும் அதே ஏமாத்துதான். பாவம் கூடக்கூட ஏமாத்தோட அடியும் பலமா விழும்.

பாஸ்கர் சித்தப்பா: டிவி பத்தி ஒண்ணு. மோஷன் ஸ்மூத்திங் ஆஃப் பண்ணிடுங்க, கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும், பிக்சர் மெனுவுல தேடணும். சடாகோ நடக்குற காட்சியில, சடாகோவா நடிச்ச, கபுகி நாடகப் பயிற்சி உள்ள ரியே இனோவைப் பின்னாடி நடக்கவெச்சு எடுத்து ரிவர்ஸ்ல ஓட்டியிருக்காங்க. அந்த வெட்டுவெட்டான நடையிலதான் பயமே இருக்கு. ஸ்மூத்திங் இருந்தா டிவி நடுவுல இல்லாத ஃபிரேமை உருவாக்கி நடையை வழவழன்னு ஆக்கிடும். சமாரா திரையிலிருந்து வெளிய வந்தப்புறம் சிக்னல் விட்டுவிட்டுத் தாவுவா பாருங்க, அதுவும் கெட்டுப்போகும்.

பாஸ்கர் சித்தப்பா: சவுண்டுல நைட் மோட், ஆட்டோ வால்யூம் ரெண்டும் ஆஃப். அது சின்னச் சத்தத்தை ஏத்தும், பெரிய சத்தத்தை இறக்கும். அப்படி ஓடினா ஜப்பான் படத்துல அமைதியே இருக்காது, அமெரிக்கப் படத்துல திடுக்கும் இருக்காது. ரெண்டையும் ஒப்பிடவே முடியாம போயிடும். டயலாக் கேக்கலன்னு வால்யூமை ஏத்தாதீங்க, சப்டைட்டில்தான் இருக்கே.

நிலா அக்கா: சப்டைட்டில் போன தடவை மாதிரி போகப்போகத் தள்ளிப்போனா சித்தப்பா?

பாஸ்கர் சித்தப்பா: ஆரம்பத்துலேருந்து ஒரே அளவு தள்ளியிருந்தா விஎல்சி பிளேயர்ல ஜி, எச் கீ போதும், ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் நகரும். போகப்போகத் தள்ளினா ஃபிரேம் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்ங்கிறது, வேறன்னு அர்த்தம். 23.976க்கு எழுதின சப்டைட்டிலை 25ல ஓடுற படத்துல போட்டா 96 நிமிஷப் படத்துல கடைசியில நாலு நிமிஷம் வரைக்கும் வித்தியாசம் வரும். கீயை அமுக்கி அமுக்கி மாளாது. டூல்ஸ்ல டிராக் சிங்க்ரனைசேஷன் போய் சப்டைட்டில் வேகத்தை மாத்தணும்.

நிலா அக்கா: சரி, அடுத்த வாரத்துக்கும் இப்பவே பேசிடலாம். ‘க்ரட்ஜ்’?

சுதா சித்தி: அது சுவாரசியமான கேஸ். 2002ல ஜப்பான்ல ‘ஜு-ஆன்’ எடுத்த டைரக்டர் ஷிமிஜுவே 2004ல அதோட அமெரிக்க ரீமேக் ‘க்ரட்ஜ்’ஜையும் எடுத்தார். அதே டோக்கியோ, அதே கயாகோ ஆவி வேஷத்துல அதே தகாகோ ஃபூஜி, அதே டோஷியோ பையன். குளிக்கும்போது தலைமுடிக்குள்ள இன்னொரு கை, லிஃப்ட் ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் வெளிய நிக்கிற பையன், போர்வைக்குள்ள முகம், எல்லாம் ரெண்டுலயும் உண்டு.

கவின்: கயாகோவோட அந்தத் தொண்டை கரகரப்பு ஷிமிஜுவோட சொந்தக் குரல்தான்.

சுதா சித்தி: ஆமா. மாறினது ஆளுங்கதான். மொழி தெரியாத ஊர்ல மாட்டின அமெரிக்கர்கள். அந்தத் தனிமை நல்ல யோசனை. ஆனா ஜப்பான் படத்துல கதை அத்தியாயம் அத்தியாயமா, ஆள் பேரைத் தலைப்பாப் போட்டு முன்னும் பின்னுமா போகும். அமெரிக்கப் படத்துலயும் காலம் குழம்பும், ஆனா சாரா மிஷெல் கெல்லர்னு ஒரு நாயகியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கும். யார் சாவான்னு தெரியாத பயம் போய், இவ தப்பிப்பாளான்னு ஒரே கேள்வியா ஆயிடுது.

முரளி மாமா: ஜனங்க அதைத்தானே விரும்பினாங்க. சுமார் 1 கோடி டாலர்ல எடுத்து உலகம் முழுக்க 18 கோடிக்கு மேல வசூல். ‘ரிங்’ 4.8 கோடிக்கு 24 கோடிக்கு மேல. இந்த ரெண்டு கணக்கைப் பார்த்துட்டுத்தான் மத்தவங்க ஆசியப் பேய்ப்பட ரீமேக்கோட வரிசையில வந்தாங்க: 2005ல ‘டார்க் வாட்டர்’, 2006ல ‘பல்ஸ்’, 2008ல ‘ஒன் மிஸ்டு கால்’, ‘தி ஐ’, ‘ஷட்டர்’, ‘மிரர்ஸ்’, 2009ல ‘தி அன்இன்வைட்டட்’. இதுல ‘மிரர்ஸ்’ தவிர மத்ததெல்லாம் அங்கே பிஜி-13, சின்னப் பசங்களும் பார்க்கலாம்ங்கிற சான்றிதழ். பள்ளிக்கூடப் பசங்களும் டிக்கெட் வாங்கணும்ல.

கவின்: ‘ஒன் மிஸ்டு கால்’ விமர்சனங்களைத் தொகுக்குற ராட்டன் டொமேட்டோஸ் தளத்துல பூஜ்ஜியம். 2020ல திரும்ப வந்த ‘க்ரட்ஜ்’க்கு தியேட்டர்லேருந்து வெளிய வந்த ஜனங்களே சினிமாஸ்கோர் கருத்துக்கணிப்புல கடைசி மதிப்பான எஃப் குடுத்தாங்க. விமர்சகர் திட்டுறது வேற, டிக்கெட் வாங்கினவன் திட்டுறது வேற.

முரளி மாமா: எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் ‘பல்ஸ்’தான். அதோட மூலம் கியோஷி குரோசவாவோட ‘கைரோ’, 2001. ‘கைரோ’ல செத்தவங்க இருக்குற இடம் நிறைஞ்சு போய் ஆவிங்க இன்டர்நெட் வழியா இங்க கசியுது. உயிரோட இருக்கவங்களும் தனிமையிலேயே கரைஞ்சு சுவத்துல கருப்புக் கறையா ஆயிடுறாங்க. ஒரு பொம்பளை ஆவி நேரா நடந்து வரும், நடுவுல கால் மடங்கித் தடுமாறி, திரும்ப நிமிர்ந்து வரும். சத்தம் போட்டு யாரும் குதிக்கிறதில்ல. அதைவிடப் பயமான காட்சி இந்தப் பட்டியல்லயே கிடையாது. அமெரிக்காக்காரன் என்ன பண்ணான்? வைரஸை ஏத்தினா சிஸ்டம் நின்னுடும்னு ஒரு வழி சேர்த்தான். தனிமைக்கு ஆன்டிவைரஸா!

சுதா சித்தி: அந்த வழி கடைசியில பலிக்காதுண்ணே.

முரளி மாமா: பலிக்கலன்னாலும் அரைமணி நேரம் அதையே துரத்துறாங்கல்ல. பார்க்கிறவன் மனசு “எப்படி நிறுத்துறது”ன்னு போயிடுச்சு. குரோசவா படத்துல அந்தக் கேள்விக்கே இடமில்ல.

நிலா அக்கா: ‘தி ஐ’லயும் அதேதான். ஸ்பாய்லர், பார்க்காதவங்க தாண்டிடுங்க. பாங் சகோதரர்களோட மூலப்படத்துல கண் மாத்திக்கிட்ட பொண்ணு தாய்லாந்து ரோட்டுல நடக்கப்போற வெடிவிபத்தை முன்னாடியே பார்த்துடுவா. கத்துவா, ஓடுவா, யாரும் நம்பமாட்டாங்க, ஜனங்க செத்துடுவாங்க. ஜெசிகா ஆல்பா நடிச்ச அமெரிக்கப் படத்துல காப்பாத்திடுவா. ரெண்டுலயும் பார்வை திரும்பப் போயிடும். முதல் படத்துல அது பாரமா இருக்கும், ரெண்டாவதுல பரிசு வாங்கின மாதிரி முடியும்.

கவின்: பாங் படத்துல அந்த லிஃப்ட் காட்சி. கேமரா அவ முகத்தை விட்டுப் போகாது, பின்னாடி மூலையில கிழவர். இவ திரும்பிப் பார்க்கமாட்டா. நாம மட்டும் பார்க்கணும்.

சுதா சித்தி: தமிழ்லயும் அதே கதையை ஒட்டி 2004ல சிநேகா நடிச்ச ‘அது’ வந்தது. தாய்லாந்து ‘ஷட்டர்’ 2007ல ‘சிவி’. ‘அலோன்’ 2012ல ப்ரியாமணியோட ‘சாருலதா’. ‘ஷட்டர்’ பார்க்கும்போது தோள் எடை விஷயத்தை யாரும் முன்னாடியே சொல்லித் தொலைக்காதீங்க, படமே அதுலதான் நிக்குது. அமெரிக்க ‘ஷட்டர்’ல கதையை டோக்கியோவுக்குத் தூக்கிட்டுப் போய், ஜப்பான் டைரக்டரைப் போட்டு, தாய் ஆவியை ஜப்பான் ஆவியா மாத்திட்டாங்க. ஆசியான்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சா இப்படித்தான் ஆகும்.

நிலா அக்கா: அப்ப அடுத்த வாரம் ‘கைரோ’ மட்டும் போடலாம், ரீமேக் வேண்டாம். 118 நிமிஷம்.

பாஸ்கர் சித்தப்பா: அதுக்கு ரூம் லைட் முழுசா அணையணும், எதிர்ல இருக்குற ஜன்னலுக்குத் திரை போடணும். ஆவி பாதி நேரம் பின்னாடி இருட்டுல, ஃபோகஸ் இல்லாம நிக்கும். டிவியில லைட் பிரதிபலிச்சா அந்த மூலையே தெரியாது. டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆஃப் பண்ணுங்க, அது கருப்பை இன்னும் கருப்பாக்கி ஆளையே முழுங்கிடும்.

முரளி மாமா: டிஸ்க் என்கிட்ட இருக்கு மாப்பிள்ளை, ஆனா ஜப்பான் ப்ளூ-ரே. உங்க பிளேயர்ல ஓடுமா?

பாஸ்கர் சித்தப்பா: ப்ளூ-ரேக்கு நாடு வாரியா ரீஜன் உண்டு, ஜப்பான் ஏ, நம்மளது சி மச்சான். டிஸ்க்ல ரீஜன் பூட்டு இருந்தா ஓடாது. பெட்டிக்குப் பின்னாடி சின்ன உலக உருண்டை படத்துக்குள்ள எழுத்து இருக்கும், போட்டோ எடுத்து அனுப்புங்க. ஜப்பான் டிஸ்க்ல இங்கிலீஷ் சப்டைட்டில் இல்லாமலும் வரும், அதையும் பார்த்துடுங்க.

முரளி மாமா: ஏ-ன்னுதான் போட்டிருக்கு. சப்டைட்டில் ஜப்பானிய மொழி மட்டும்.

நிலா அக்கா: அப்ப அது வேண்டாம் மாமா, ஓடுற பதிப்பா நான் பார்க்கிறேன். சனிக்கிழமை 6 மணிக்கு ஜப்பான் ‘ரிங்’, 7:45க்குச் சாப்பாடு, 8:30க்கு அமெரிக்க ‘ரிங்’. பத்தாவது படிக்கிறவங்களுக்குக் கீழே இருக்கவங்க மாடியில.