ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ல ஆப் எழுதினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மதுரை_கோடர்:
ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்னா மொசில்லா விட்ட போன் இயங்குதளம், அதுல ஆப் எல்லாமே வெப் பக்கம் மாதிரி எழுதினதுதான். 2014 ஆகஸ்ட்ல 2,000 ரூபாய் அளவுல அந்த போன்கள் இங்க வந்தப்ப ஒண்ணு வாங்கினேன். அடியில கோங்க்ங்கற லினக்ஸ் அடித்தளம், நடுவுல கெக்கோங்கற பிரவுசர் எஞ்சின், மேல கையாங்கற திரையும் ஆப்களும். எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிறது ஒண்ணுதான். ஒரு செட்டிங்கை மாத்திட்டு, போனை யூஎஸ்பில செருகி, லேப்டாப் ஃபயர்பாக்ஸ்ல இருந்து கால் பண்ற ஆப்பான டயலரோட கோடையே திறந்து பாத்தேன். கால் பட்டனோட பச்சையை, பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ல ஊதாவாக்கி என்டர் தட்டினேன். கையில இருந்த போன்ல பட்டன் ஊதா ஆயிடுச்சு. கம்பைலும் இல்ல, ரீஸ்டார்ட்டும் இல்ல. போனோட வந்த டயலரும் நான் எழுதற பக்கமும் ஒரே சரக்கு! வேற எந்த போனும் எனக்கு இப்படித் தன்னைத் திறந்து காட்டினதில்ல.

ஈரோடு_பாலன்:
பட்டன் சரி, 128 எம்பி ரேம்ல நிஜமான வேலை செஞ்சு பாத்தீங்களா? ஒரு பால் சொசைட்டிக்குக் கணக்கு ஆப் ட்ரையல். காலையில கேனோட வரிசை நிக்குது. கணக்கு எழுதற அக்கா உறுப்பினர் நம்பர், லிட்டர், ஃபேட்னு அடிச்சிட்டே வர்றாங்க. நடுவுல குளிரூட்டு நிலையத்துல இருந்து ஒரு கால். பேசி முடிச்சுட்டு ஆப்புக்குத் திரும்பினா முதல் பக்கம் நிக்குது. கால் திரைக்கு மெமரில இடம் வேணும்னு, ஓஎஸ்ஸோட அடிப்படையான கெர்னல் எங்க ஆப்பை மூடிக் கொன்னுடுச்சு. "தம்பி, அடிச்சதெல்லாம் எங்க?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பழைய நோட்டை எடுத்து விரிச்சுட்டாங்க.

தாம்பரம்_டெவ்:
பாலன் சொல்றதை ஏத்துக்க முடியாது. மெமரி பத்தலன்னா பின்னாடி இருக்கற ஆப்பைக் கொல்றது ஆண்ட்ராய்டும் செய்யற வேலைதான். இதைத் தளத்தோட குறைன்னு சொல்லாதீங்க.

என் கதை சின்னது. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்காரர் என் போனை வாங்கி ரெண்டு தடவை தள்ளிப் பாத்தார். "வாட்ஸ்அப் இருக்கா?" இல்லன்னதும் திருப்பிக் கொடுத்துட்டார்.

இப்பவும் சின்ன போனுக்கு எழுதறவங்க கேட்டுக்கங்க. பயனர் அடிக்கற ஒவ்வொரு வரி முடிஞ்சதும், பிரவுசருக்குள்ளயே இருக்கற டேட்டாபேஸான இண்டெக்ஸ்டு டிபில எழுதிடுங்க. ஆப் மறையறப்ப எழுதிக்கலாம்னு விட்டா, எழுதி முடிக்க நேரம் கிடைக்கும்னு உறுதி இல்ல. பிரவுசரோட இன்னொரு சேமிப்பான லோக்கல் ஸ்டோரேஜ் வேண்டாம், அது எழுதி முடிக்கற வரைக்கும் மத்த வேலை எல்லாம் நிக்கும். படத்தைத் திரை அளவுக்கு வெட்டி வைங்க. 2,000க்கு 1,500 பிக்சல் படம் ஃபைலா 300 கேபி இருக்கலாம். திரைல காட்ட விரிச்சு டீகோட் ஆனா பிக்சலுக்கு 4 பைட், 12 எம்பி போச்சு. நீளமான பட்டியல்னா கண்ணுக்குத் தெரியற வரிகளை மட்டும் டாம்ல, அதாவது பிரவுசர் மெமரில வச்சிருக்கற பக்கத்துல, வைங்க. அடுத்தவங்க எழுதி வச்ச பெரிய கோடு லைப்ரரியைத் தொடவே தொடாதீங்க.

ஈரோடு_பாலன்:
ப்ரோ, நான் தீர்வு கேக்கல. அந்த அக்கா ரெண்டாவது தடவை போனைத் தொடவே இல்லங்கறதைச் சொன்னேன்.

கயல்_ஓப்பன்சோர்ஸ்:
மதுரை அண்ணா, ஒரே சரக்குன்னு சொன்னீங்களே, பாதிதான் உண்மை. தமிழ் எஸ்எம்எஸ்ஸைப் பெரிய எழுத்துல காட்டற ஆப் ஒண்ணு, எங்க அப்பாவுக்காக எழுதணும்னு உக்காந்தேன். ஆப் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கற வழியான எஸ்எம்எஸ் ஏபிஐ ஆவணத்தைத் திறந்தா முதல்லயே போட்டிருந்தது: சர்ட்டிஃபைடு ஆப்களுக்கு மட்டும். அதாவது போன்லயே பதிஞ்சு வர்ற ஆப். மொசில்லாவோட ஆப் கடையான மார்க்கெட்பிளேஸ்ல போட்ட நமக்கு அந்தக் கதவு திறக்கல. ஏன்னு புரியுது, எவனோ எழுதின பக்கம் ஓடிபியைப் படிச்சா என்ன ஆகும்? ஆனா கையாவோட மெசேஜ் ஆப் கோடு வரிவரியா என் முன்னாடி கிடக்கு, மாத்தி எழுதவும் தெரியுது, கடைல வாங்கின போன்ல அதைப் போட முடியல. கோடு திறந்திருக்கறது ஒண்ணு, போன் திறந்திருக்கறது வேற.

நெல்லை_கீபேட்:
2015 டிசம்பர்ல மொசில்லா போன் விக்கறதை நிறுத்தறதா அறிவிச்சாங்க. கோடு திறந்து கிடந்ததாலதான் அதுல இருந்து பட்டன் போனுக்கான கைஓஎஸ் வந்தது, 2017ல ஜியோபோனும் அதுல வந்தது. தாம்பரம், உங்க கடைக்காரர் கேட்ட வாட்ஸ்அப்பும் 2018ல அதுக்கு வந்துடுச்சு.

என் பழைய ஆப்பை கைஓஎஸ் சிமுலேட்டர்ல போட்டப்ப, ஆப்போட பேரு, அனுமதி எல்லாம் சொல்ற அதே மேனிஃபெஸ்ட் ஃபைலோட திறந்தது. ஆனா டச் இல்ல. கீழ் அம்புக்குறியை அழுத்தறேன், எதுவும் நகரல. எந்த வரி தேர்வாகி இருக்குங்கற ஃபோகஸ், திரைக்குக் கீழ இருக்கற பட்டன்களான சாஃப்ட் கீ எல்லாத்துக்கும் நானே கோடு எழுதின பிறகுதான் ஓடிச்சு. பாலன் அண்ணே, பால் கணக்குக் கோடு இருந்தா எல்லாரும் எடுக்கற மாதிரி கிட் (Git) தளத்துல போடுங்க. லிட்டர், ஃபேட் அடிக்க நம்பர் பட்டன்தான் வேகம், நான் மாத்தித் தர்றேன்.