புதுப்பிப்பு: மச்சானுக்கு ரெண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்த விஷயம்

போன மாதம் கேட்டிருந்தேன்: பாம்பன் பக்கம் படகு கவிழ்ந்து விடிய விடிய மிதந்து கிடந்த மச்சானுக்கு பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்பு) என்று, மனச்சோர்வுக்கும் தருகிற செர்ட்ராலினோடு பிரசோசினும் எழுதியிருக்கிறார்கள், சேர்த்துச் சாப்பிடலாமா என்று.

சாப்பிடலாம் என்றார் டாக்டர். பிரசோசின் அடிப்படையில் ரத்த அழுத்த மாத்திரை, உடலைப் பதற்றத்தில் வைக்கிற நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதால் கெட்ட கனவுக்கும் தருகிறார்கள். ஆனால் 2018இல் வெளியான, அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 304 பேரிடம் நடத்திய சோதனையில் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. மச்சான் அலறி எழுவது குறைந்திருக்கிறது. மாத்திரையாலா, நாள் போனதாலா, யார் கண்டது!

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. பிரசோசின் சாப்பிடுகிறவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றும், குறிப்பாக ஆரம்பத்திலும் அளவைக் கூட்டும்போதும். ஆடுகிற படகில் நின்று வலை இழுப்பவனுக்கு அது சின்ன விஷயமா? டாக்டரிடம் தொழிலைச் சொன்ன பிறகுதான் குறைந்த அளவில், படுக்கும்முன் மட்டும், கொஞ்ச நாள் கடலுக்குப் போகாமல் என்று மாற்றிக்கொடுத்தார். நீங்களும் தொழிலைச் சொல்லிவிடுங்கள்.

பிடிஎஸ்டிக்கு செர்ட்ராலினோடு பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற இன்னொரு மனநோய் மாத்திரையைச் சேர்ப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு சோதனையில் நல்ல பலன், இன்னொன்றில் இல்லை. 2025 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, இந்தச் சேர்க்கை பலன் தரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று 10-1 என எதிராக வாக்களித்தது. நான் அதைத் தேடிப் போகமாட்டேன்.

அப்புறம், கனவு நின்றதும் செர்ட்ராலினை நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மச்சான் கேட்கிற மாதிரி இல்லை, அக்காதான் மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறாள்.