சில்லுக்குக் கல் வைக்கப் போய்…

ஹட்டனிலிருந்து:

எங்கள் வீடு ஏற்றத்தில் இருக்கிறது. காரை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் முழுதாக ஒடித்து, சில்லுக்குப் பின்னால் ஒரு கல்லும் வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். போன ஜூனில் ஒரு மாலை அப்படிக் குனிந்தபோது, ட்ரைவர் பக்க முன் சில்லின் உள்விளிம்பில் கை பட்டுச் சுருக்கென்று குத்தியது. ஆணி என்று நினைத்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால், ரப்பர் தேய்ந்து டயரின் இரும்புக் கம்பியே வெளியில் தெரிகிறது!

மறுநாள் விடியற்காலை அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப்போக வேண்டும். வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி என்று முழுக்க இறக்கமும் வளைவும். வட்டவளை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் பஸ்ஸில் போனோம்.

டயரைக் கவனிக்காத ஆள் என்றால் பரவாயில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெற்றோல் ஷெட்டில் காற்றுப் பார்ப்பவன் நான். வெளிப்பக்கம் பள்ளமெல்லாம் நல்ல ஆழமாகத்தான் இருந்தது. பார்த்ததெல்லாம் அந்தப் பக்கம் மட்டும்தான்!

டயர் கடை பாஸ் கழற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எங்கயாவது குழியில போட்டீங்களா?"

மார்ச்சில் ஒரு கல்யாணத்துக்குத் தோட்டத்து ரோட்டில் போனபோது போக்கில் (மதகில்) 'டம்' என்று இறங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து சில்லைத் திருப்பும் கம்பியின் முனை, அதாவது டை ரொட் முனை, ஆட்டம் கண்டு, முன் சில்லுகள் வாத்துக் கால் மாதிரி வெளியே பார்த்தபடி ஓடியிருக்கின்றன. அதனால் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்ததையும் கவனித்தேன்தான், ரோட்டுச் சரிவு என்று விட்டுவிட்டேன். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் ஷொக் எப்சோபரைப் பார் என்று பாஸ் வேலையோடு வேலையாகச் சொன்னார். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேட்டையும் காட்டினார். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர், ரப்பர் அதற்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

முனையை மாற்றி, இரண்டு டயர் போட்டு, சில்லுகள் நேராகப் பார்க்கும்படி அலைன்மென்ட் செய்தேன். இப்போது மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து உள்விளிம்பைப் பார்க்கிறேன். பிறகு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு குறுக்கே தடவுவேன். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் அரம் மாதிரிப் பிடித்தால் அலைன்மென்ட் சரியில்லை. பின் சில்லுகளுக்குச் சாக்கு விரித்துப் படுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, எனக்கு நடந்தது வேறு மாதிரி. எல்ல என்ற ஊரிலிருந்து வெல்லவாய போகும் இறக்கத்தில் பஞ்சர். ஸ்பெயார் டயரை எடுத்தால் ஒருநாளும் ஓடாத டயர், புதுசு மாதிரி ரப்பர் முடிகூட உதிரவில்லை. ஆனால் பக்கச்சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு. அதிலிருந்த நான்கு இலக்கம் 2309, அதாவது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். காற்றும் பாதிதான். அதை நம்பி அந்த இறக்கத்தில் போக மனசு வரவில்லை. பஞ்சரான சில்லைத் திரீவீலில் ஏற்றிக்கொண்டு எல்லவுக்குத் திரும்பிப்போய் பஞ்சர் ஒட்டிவந்தேன். வேனில் இருந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் ரோட்டோரத்தில் குரங்குகளோடு காத்திருந்தார்கள்.