அலுமாரிக்குள் செடி: எந்த லைட், எந்த ஃபான்? அவசரம்

கீழ்வீடு:
வணக்கம். அலுமாரிக்குள் செடி வைத்திருக்கிறேன். 1000 வாட் லைட் போட்டும் இலை கொட்டுகிறது. ஃபான் போட்டால் அலுமாரியே உறுமுகிறது, பிள்ளை எழும்பிவிடுகிறது, மேலே வீட்டுக்காரர் காலால் தட்டுகிறார். நிறுத்தினால் உள்ளே அடுப்பு மாதிரி. இதைவிடப் பெரிய லைட்டும் சத்தமில்லாத ஃபானும் சொல்லுங்கள். இன்று இரவே ஓர்டர் பண்ண வேண்டும்.

பால்கனித்தோட்டம்:
என்ன செடி? எந்த ஊர்? அலுமாரி எவ்வளவு பெரிது?

சும்மா_வந்தவன்:
அலுமாரி, லைட், வீட்டுக்காரருக்குப் பயம்... விளங்குது தம்பி. கனடாவில் ஒன்ராறியோ என்றால் 2018-இல் இருந்து வீட்டுக்கு நாலு செடி சட்டப்படியே வைக்கலாம். வெட்கப்படாமல் பெயரைச் சொல்லும்.

கீழ்வீடு:
ஐயோ, கஞ்சா இல்லை, கறிவேப்பிலை! வேறு என்ன வளர்ப்பேன்? ஸ்காபரோவில் பேஸ்மென்ட், ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா முளைக்க வைத்துத் தந்த கண்டு, மூன்று வயது. கோடையில் வெளியே நன்றாக இருந்தது. அப்புறம், நான் தம்பி இல்லை, தங்கச்சி.

வாட்_கணக்கர்:
இதை இங்கே நூறு தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. 1000 வாட் என்பது பெட்டியில் அச்சடித்தது. லைட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். உண்மையிலேயே 1000 வாட் இழுத்தால் அது ரூம் ஹீட்டர்; இலை கொட்டியிருக்காது, பொரிந்திருக்கும். அதோடு, லைட் செடியில் இருந்து எவ்வளவு உயரம்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது?

கீழ்வீடு:
முதுகில் 98 வாட் என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள்! நுனியில் இருந்து அரை அடி உயரம். அலுமாரி 2க்கு 2 அடி, 6 அடி உயரம். ஃபான் பாத்ரூமுக்குப் போடுவது. லைட்டுக்குப் போடும் டிம்மர் ஒன்று கிடந்தது, அதைக் கொடுத்து வேகத்தைக் குறைத்திருக்கிறேன்.

மோட்டார்க்காரன்:
கள்ளன் அகப்பட்டுவிட்டான். அந்த டிம்மர் மின்சாரத்தை ஒவ்வொரு அலையிலும் வெட்டி வெட்டிக் கொடுக்கும். பழைய இழை பல்புக்கு அது பரவாயில்லை. மோட்டார் அதற்கு உறுமும், சூடும் ஏறும். இன்றைக்கே கழற்றுங்கள் தங்கச்சி, சத்தத்துக்காக மட்டுமல்ல.

அதற்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் கம்பியூட்டர் ஃபான் இரண்டு. அவை 12 வோல்ட். 9 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் மெதுவாகச் சுற்றும், காதை வைத்தால்தான் கேட்கும். மூன்று வயர் ஃபான் என்றால் சிவப்பும் கறுப்பும் போதும், மஞ்சள் வயரை விட்டுவிடுங்கள். மேலே முதுகுப் பலகையில் வைத்து வெளியே ஊத விடுங்கள். காற்று உள்ளே வர அடியில் ஓட்டை, மேலே உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே ஃபான் தேவையில்லை. பலகையில் திருகாணி போட்டு இறுக்காதீர்கள். அந்த மெல்லிய பலகை ஒரு தவில். ஃபானின் சின்ன நடுக்கத்தையும் வாசித்துக் காட்டும். நாலு மூலையிலும் இலாஸ்டிக் கட்டித் தொங்க விடுங்கள், சுற்றிவர உள்ள இடைவெளியை ஸ்பொஞ்சால் அடையுங்கள்.

கரிகாலன்_ஓக்வில்:
மின்சாரம் ஒன்ராறியோவில் வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரை மலிவு. லைட்டை இரவில் போடுங்கள். அலுமாரிக்குள் செடிக்கு இரவு பகல் தெரியவா போகிறது?

மோட்டார்க்காரன்:
செடிக்குத் தெரியாது அண்ணை, பிள்ளைக்குத் தெரியும். லைட் எரியும் நேரத்தில்தானே ஃபானும் ஓட வேண்டும்?

கரிகாலன்_ஓக்வில்:
ஓம், அது சரிதான்.

பால்கனித்தோட்டம்:
எனக்குச் சந்தேகம் ஈரப்பதத்தில்தான். சூடேற்றிய வீட்டில் பனிக்காலக் காற்று காய்ந்து கிடக்கும். அதை உறிஞ்சி உறிஞ்சி அலுமாரிக்குள் விட்டால் செடி வாடாமல் என்ன செய்யும்? இலைக்குக் கீழே ஊசிப் புள்ளி, மெல்லிய வலை இருக்கிறதா? காய்ந்த காற்றில் சிலந்திப் பேன் அப்படித்தான் வரும். உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள்.

வாட்_கணக்கர்:
தட்டா? கணக்குப் போடுவோம். 98 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அலுமாரிக்குள் நிற்கும். வீட்டைவிட 5 பாகை மட்டும் கூட இருக்க வேண்டும் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 35 கன அடி காற்று வெளியேற வேண்டும். அலுமாரி மொத்தமே 24 கன அடி. அதாவது 40 வினாடிக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறுகிறது. உங்கள் தட்டுத் தண்ணீர் எந்த மூலைக்கு? ஈரம் வேண்டும் என்றால் அறைக்குக் கொடுங்கள்.

சூட்டைக் குறைக்காமல் சத்தத்தைக் குறைக்க முடியாது. 4 சதுர அடிக்கு, ஒரே ஒரு கறிவேப்பிலைக்கு, அரை அடி உயரத்தில் 98 வாட் எதற்கு? இவர் இன்னும் பெரிய லைட் கேட்கிறார்! ஒளியைப் பாதியாக்கினால் சூடு பாதி, காற்றும் பாதி போதும். லைட்டிலேயே குறைக்கும் திருகு இருக்கும், பாருங்கள். இல்லாவிட்டால் வெள்ளை எல்இடி, 40 முதல் 50 வாட், டிரைவரை (எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) கழற்றி வெளியே வைக்கக்கூடியதாக வாங்குங்கள். உள்பக்கத்துக்கு மங்கலான வெள்ளைப் பெயின்ட். கசங்கிய அலுமினியத் தாள் வேண்டாம். ஃபோனில் ஒளியை லக்ஸில் அளக்கும் செயலி போட்டு இலை மட்டத்தில் பாருங்கள். வெள்ளை எல்இடிக்கு 70-ஆல் வகுத்தால் செடிக்காரர் சொல்லும் PPFD, அதாவது செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு, தோராயமாக வரும். 20,000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 285. 14 மணி நேரம் எரிந்தால் அது தாராளம். எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கேட்டிருந்தேன்.

முல்லை_அக்கா:
இவ்வளவு கணக்கு எதற்கு பிள்ளைகள்? வாரத்துக்கு ஒருமுறை புளித்த மோர் ஊற்றுங்கள். எங்கள் அம்மா யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் 40 வருடம் ஊற்றினா, மரம் கூரைக்கு மேலே நின்றது.

வாட்_கணக்கர்:
உங்கள் அம்மா அலுமாரிக்குள் வளர்க்கவில்லை.

முல்லை_அக்கா:
அம்மாவை ஏன் இழுக்கிறீர்?

பால்கனித்தோட்டம்:
அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அடியில் சுண்ணக்கல். அப்படி மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் எடுக்காது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். புளிப்பு விட்டால் கொஞ்சம் இளகும். ஆனால் மூடிய அலுமாரியில் மோர் நாறும், மண்ணில் சின்னக் கறுப்பு ஈ வரும்.

முல்லை_அக்கா:
என் கண்டு சமையலறையில் நிற்கிறது, மோர்தான் ஊற்றுகிறேன். ஈயும் இல்லை, நாற்றமும் இல்லை. மூக்கு உள்ள ஆட்கள் வந்து பார்க்கலாம்.

சும்மா_வந்தவன்:
வந்தால் மோர் எங்களுக்கும் உண்டா?

கரிகாலன்_ஓக்வில்:
பேசாமல் புளோரிடாவில் இருக்கும் தங்கையிடம் சொல்லி ஒரு கண்டு எடுப்பித்துத் தரட்டுமா?

பால்கனித்தோட்டம்:
வேண்டாம் அண்ணை. அங்கே தோடை மரங்களை அழிக்கும் நோய் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரப்பும் சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அதனால் அங்கிருந்து வேறு மாநிலத்துக்குக் கொண்டு போகவே கட்டுப்பாடு இருக்கிறது, நீங்கள் எல்லை தாண்டச் சொல்கிறீர்கள்.

மோட்டார்க்காரன்:
மோரை விடுங்கள். தங்கச்சி, சட்டி எங்கே நிற்கிறது? பேஸ்மென்ட் சீமெந்துத் தரையில் வேர் குளிர்ந்தாலும் இந்தச் செடி இலையைக் கொட்டிவிட்டு உறங்கப் போகும். மேலே வெயில், கீழே குளிர் என்றால் அதற்குக் குழப்பம்தான். அடியில் பலகையோ தெர்மோகோலோ வையுங்கள்.

முல்லை_அக்கா:
உறங்கினால் உறங்கட்டும். தண்ணீரைக் குறைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள், பங்குனியில் தானாகத் துளிர்க்கும்.

வாட்_கணக்கர்:
கேட்டவரே காணாமல் போய்விட்டார். வழமைதான்.

(மூன்று வாரம் கழித்து)

கீழ்வீடு:
மன்னிக்கவும், பிள்ளைக்குக் காய்ச்சல். டிம்மரைக் கழற்றினேன். லைட்டில் திருகு இருந்தது, பாதிக்குக் குறைத்து ஒன்றரை அடிக்கு உயர்த்தினேன். ஃபான் ஒன்றுதான் வாங்கினேன், பழைய சட்டை இலாஸ்டிக்கில் தொங்குகிறது. வீட்டுக்காரர் தட்டுவதில்லை. சட்டி தரையில்தான் நின்றது, இப்போது ஒரு ஸ்டூலில். நாலு துளிர் வந்திருக்கிறது. மோரும் ஒருதரம் ஊற்றினேன், வாட்_கணக்கரிடம் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் நன்றி.

முல்லை_அக்கா:
நான் சொன்னேன் அல்லவா!

வாட்_கணக்கர்:
எத்தனை மணி நேரம் எரிகிறது?