டிவியை அணைத்துப் போட்டால் எச்டிஎம்ஐ சத்தம் போய்விடுகிறது

வணக்கம். பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளால் (படமும் சத்தமும் ஒரே கேபிளில் போகும்) டிவியோடு இணைத்து ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டராக்கி இருக்கிறேன். டிவியை ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் படம் வருகிறது, சத்தம் வருவதில்லை. சவுண்ட் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ என்ற வரியே காணோம். ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்புகிறது.

2012 மாடல், மூன்றாம் தலைமுறை ஐ5, எச்டி 4000 கிராஃபிக்ஸ், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ் மின்ட் 21, அதில் படம் பார்க்க கோடி (Kodi) ப்ளேயர். லேப்டாப் மூடியபடியே டிவிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு வாரமாக இதே கதை.

முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். புதிது வாங்கியும், டிவியில் வேறு போர்ட்டில் செருகியும் மாற்றமில்லை. மூடினால் தூங்கப் போகாதபடி லாகின்ட் (logind) செட்டிங்ஸ் ஃபைலில் மாற்றிவிட்டேன். மூடியைத் திறந்து வைத்தாலும் அப்படியேதான். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் நன்றாகப் பேசுகிறது. சத்தத்தைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோ புரோகிராமை நிறுத்தித் தொடங்கினால் சத்தம் வந்துவிடும், அடுத்த முறை டிவியை அணைக்கும் வரை மட்டும்.

அப்பா தினமும் தனியாகப் படம் பார்ப்பதற்காகச் செய்தது இது. அவரிடம் டெர்மினலில் கட்டளை அடிக்கச் சொல்ல முடியாது.

டிவி திரும்ப ஆன் ஆனதும் எச்டிஎம்ஐ ஆடியோ தானாகவே வர என்ன செய்ய வேண்டும்?